கணிப்பொறியின் களைப்பும் அதற்கு மருந்தும்

இது கணிப்பொறி யுகம். வங்கியில் பணம் எடுக்கவும், ரயிலில் இடம் பதிவு செய்யவும், மருத்துவமனையில் நோயாளியின் குறிப்பைத் தேடவும் கணிப்பொறியே துணை நிற்கிறது. ஆனால் மனிதருக்கு முதுமை வருவது போலவே கணிப்பொறிக்கும் முதுமை வருகிறது. முதுமை வந்ததும் அதை மூலையில் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவதே பலரின் வழக்கமாக இருக்கிறது. அது சரிதானா? பழைய கணிப்பொறி தள்ளாடுவதற்கு உண்மையான காரணம் என்ன? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு கற்றுக்கொண்டதை எளிய முறையில் இங்கே விளக்க விரும்புகிறோம்.

நம் பள்ளி நூலக அறையில், ஜன்னலோரம் இருக்கும் கணிப்பொறியை அனைவரும் அறிவீர்கள். 2012-இல் வாங்கியது. அதற்கு நாங்கள் வைத்த செல்லப்பெயர் "பாட்டி". காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுப் பொதுவழிபாட்டுக்குச் சென்று, ஜெபமும் அறிவிப்பும் முடிந்து திரும்பினால்தான் பாட்டி கண் திறப்பாள். ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டு நிமிடம்! ஒரு புத்தகத்தின் பெயரைத் தேடினால் விடை வருவதற்குள் இடைவேளை மணி அடித்துவிடும். பார்க்க வந்த ஒரு கடைக்காரர், "இதில் ஒன்றுமில்லை, பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிச் சென்றுவிட்டார்.

ஆனால் பாட்டியின் வயிற்றில் ஒரு செல்வம் இருந்தது. முன்பு நூலகப் பொறுப்பில் இருந்து, இப்போது கான்வென்டில் ஓய்வில் இருக்கும் எண்பது வயதுச் சிஸ்டர் அவர்கள், நம் பள்ளியின் வரலாற்றை ஏழு அத்தியாயங்களாக இதில்தான் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் சொன்ன மூத்த சகோதரிகளில் பலர் இன்று இறைவனிடம் சேர்ந்துவிட்டனர். அந்த எழுத்துக்கு வேறு நகல் எங்கும் இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நோய் எது?

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், மருத்துவன் முதலில் நோயையும் அதன் காரணத்தையும் ஆராய வேண்டும், பிறகே சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார் வள்ளுவர். கணிப்பொறிக்கும் அதே முறைதான்.

கணிப்பொறிக்கு மூளை போன்றது பிராசசர். மேசை போன்றது ராம் என்னும் தற்காலிக நினைவகம். அலமாரி போன்றது ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டு. மாணவி எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும், ஒவ்வொரு வரிக்கும் எழுந்து சென்று அலமாரியைத் திறக்க வேண்டுமென்றால் வீட்டுப்பாடம் எப்போது முடியும்? பெசன்ட் நகரிலிருந்து புறப்படும் 29சி பேருந்தின் எஞ்சின் எவ்வளவு வலிமையுடையதாக இருந்தாலும் அடையாறு சிக்னலில் நிற்கத்தான் வேண்டும். பழைய கணிப்பொறிகளில் அந்தச் சிக்னல் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான்.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே என்ன இருக்கிறது? நம் தாத்தா காலத்து இசைத்தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான வட்டத் தட்டுகள் ஓர் அச்சில் சுழல்கின்றன. மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் நிமிடத்திற்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று. இசைத்தட்டின் மேல் முள் உரசும். இங்கோ படிக்கும் தலை தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில் மிதக்கிறது. தட்டின் மேல் பூசப்பட்ட காந்தப் படலத்தில்தான் நம் எழுத்தும் படமும் பதிவாகின்றன.

இந்தக் கருவி பிறந்தது 1956-இல். ஐ.பி.எம். நிறுவனத்தின் 'ராமாக்' கணிப்பொறியோடு வந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. எடையோ ஒரு டன்னுக்கு அருகில்! அத்தனை பெரிய பொறியில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகளே. நம் நூலகத்துப் பாட்டியின் உள்ளங்கை அகல டிஸ்க்கில் அதைப்போல் லட்சம் மடங்குக்கும் மேல் அடங்கும்.

தேடும் நேரமே தாமதம்

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். தட்டு ஒரு முறை சுற்ற 8.3 மில்லிநொடி ஆகிறது. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை சரியான வளையத்துக்கு நகர ஏறத்தாழ 9 மில்லிநொடி. ஆக ஒரு தேடலுக்கு 13 மில்லிநொடி. ஒரு நொடிக்கு எழுபத்தைந்து தேடல்தான் முடியும்.

ஒரே பெரிய கோப்பை வரிசையாகப் படிக்கும்போது இந்த டிஸ்க் நொடிக்கு 100 மெகாபைட் வரை தரும். ஆனால் கணிப்பொறியைத் துவக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேட வேண்டியிருக்கிறது. ஒரு தேடலுக்கு 4 கிலோபைட் கிடைத்தால், நொடிக்குக் கிடைப்பது 300 கிலோபைட் மட்டுமே! முந்நூறு மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது. டிஸ்க் பழுதடையாமல் இருந்தாலும் இந்தக் குறை உண்டு. பழுதும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கெட்டுப்போன ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் தலை திரும்பத் திரும்ப முயலும். அந்த நேரம் முழுவதும் திரை அசையாமல் நிற்கும்.

முதற்பாடம்: நகல் எடு

உற்சாகத்தில் நாங்கள் முதலில் செய்ய நினைத்தது, சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் 'டிஃப்ராக்' வேலையை ஓடவிடுவதுதான். எங்கள் கணிப்பொறி ஆசிரியை தடுத்துவிட்டார்கள். "நெஞ்சு வலிக்கிறது என்பவரை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வீர்களா?" என்று கேட்டார்கள். டிஃப்ராக் என்பது டிஸ்க் முழுவதையும் படித்து, இடம் மாற்றி எழுதும் கடுமையான வேலை. நலிந்த டிஸ்க் அதைத் தாங்காது. முதலில் நலம் பார்க்க வேண்டும். நலமில்லை என்றால் உடனே நகல் எடுக்க வேண்டும். மற்றவை எல்லாம் பிறகு.

ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். அந்தக் குறிப்பைப் படிக்க 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச நிரல்கள் உண்டு. நாங்கள் பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, பழைய டிஸ்க்கில் ஒன்றும் எழுதாமலே குறிப்பை மட்டும் படித்தோம். அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை மூன்று.

5-ஆம் எண்: கெட்டுப்போய், மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதிகள் எத்தனை என்பது.

197-ஆம் எண்: படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் பகுதிகள் எத்தனை என்பது.

199-ஆம் எண்: தகவல் வயர் வழியாக வரும்போது ஏற்பட்ட பிழைகள் எத்தனை என்பது.

முதல் இரண்டும் பூஜ்யத்திலிருந்து ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கே நோய். மூன்றாவது மட்டும் ஏறினால் பெரும்பாலும் வயரில்தான் கோளாறு. டிஸ்க்கைக் குறை சொல்லக்கூடாது. பாட்டிக்கோ மூன்றுமே ஏறியிருந்தன!

கடற்காற்றின் வேலை

வயரில் என்ன கோளாறு? மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, ஆசிரியை முன்னிலையில் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ஒரு விரற்கடை தூசி. இணைப்பு முனைகளில் மங்கிய கறை. திருகாணிகளில் துரு. எலியட்ஸ் கடற்கரையிலிருந்து வீசும் காற்று நமக்கு இதமாக இருக்கிறது; ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துளிகள் கலந்துள்ளன. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் உலோகம் அரிக்கப்படும். பெசன்ட் நகர் வீடுகளில் ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் எத்தனை முறை வண்ணம் பூசினாலும் துருவேறுவதை அம்மாக்கள் அறிவார்கள். அதே காற்றுதான் ஜன்னலோரத்துப் பாட்டியையும் அரித்திருக்கிறது. முனை சரியாகப் பொருந்தாவிட்டால் தகவல் பிழையோடு வரும். கணிப்பொறி அதையே திரும்பத் திரும்பக் கேட்கும். அதுவே தாமதம்.

மெல்லிய தூரிகையால் தூசியைத் துடைத்தோம். பெட்டிக்குள் கை வைக்குமுன் அதன் இரும்புச் சட்டத்தைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் அறிந்தோம். பழைய வயரை எடுத்துவிட்டுப் புதிய வயரைப் பொருத்தியதும் 199-ஆம் எண் ஏறுவது நின்றது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் ஒருபோதும் பிரிக்கக்கூடாது. அதன் மூடியில் காற்று வடிகட்டியோடு கூடிய சிறு துளை உண்டு, அதையும் அடைக்கக்கூடாது. உள்ளே ஒரு தூசி விழுந்தாலும் மிதக்கும் தலை அதில் மோதிவிடும்.

இன்னும் பழைய, அகன்ற பட்டை வயர் உள்ள கணிப்பொறி யார் வீட்டிலாவது இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் ஆறு முறை பிழை நேர்ந்தால், அது தன் வேகத்தைத் தானே ஒரு படி குறைத்துக்கொள்ளும். இப்படியே இறங்கி 'பி.ஐ.ஓ.' என்னும் பழைய முறைக்கு வந்துவிட்டால் நொடிக்கு 16 மெகாபைட்டுக்கு மேல் போகாது. பிராசசரும் அந்தச் சுமையிலேயே சோர்ந்துவிடும். எண்பது இழை கொண்ட புதிய வயரைப் போட்டு, டிவைஸ் மேனேஜரில் அந்த ஐ.டி.இ. இணைப்பை நீக்கி, கணிப்பொறியை மீண்டும் துவக்கினால் பழைய வேகம் திரும்பும். இதற்காகக் கணிப்பொறியையே தூக்கியெறிந்தவர்கள் எத்தனை பேரோ!

இரண்டு மாலைப்பொழுதுகள்

அடுத்தது நகல். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை இணைத்து, 'டிடி ரெஸ்கியூ' என்னும் லினக்ஸ் நிரலை ஓடவிட்டோம். இது புத்தியுள்ள நிரல். முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் விரைவாக நகலெடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, கடைசியில்தான் அவற்றோடு போராடும். இரண்டு நாள் மாலையில் இது நடந்தது. டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வரும்போதெல்லாம் எங்கள் நெஞ்சும் அடித்துக்கொண்டது.

நூலகப் பட்டியல் முழுதாக வந்தது. பள்ளி வரலாற்றில் ஆறு அத்தியாயங்கள் வந்தன. மூன்றாம் அத்தியாயம் மட்டும் கெட்ட பகுதியில் அகப்பட்டுத் திறக்க மறுத்துவிட்டது. டிஃப்ராக்கை முதலில் ஓடவிட்டிருந்தால் இந்த ஆறையும்கூட இழந்திருக்கக்கூடும் என்று ஆசிரியை சொன்னபோது எங்களுக்கு உடல் நடுங்கியது.

உங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கு

ஸ்மார்ட் குறிப்பு நலமாக இருந்தும் உங்கள் வீட்டுக் கணிப்பொறி தள்ளாடுகிறதா? நகல் ஒன்று எடுத்து வைத்துவிட்டுக் கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

1. 'ரிசோர்ஸ் மானிட்டர்' பக்கத்தைத் திறந்து, டிஸ்க்கை ஓயாமல் பயன்படுத்துவது எந்த நிரல் என்று பாருங்கள். பாட்டியிடம் இரண்டு வைரஸ் தடுப்பு நிரல்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே கோப்பைச் சோதித்தன. ஒன்றே போதும்.

2. சி டிரைவில் இடம் இருக்கிறதா? நூற்றுக்குப் பதினைந்து பங்காவது காலியாக இருப்பது நல்லது. வேண்டாத கோப்புகளை 'டிஸ்க் கிளீன்அப்' மூலம் நீக்கலாம்.

3. துவங்கும்போதே தாமாக எழுந்துகொள்ளும் நிரல்களில் வேண்டாதவற்றை நிறுத்துங்கள்.

4. ராம் போதுமா? மேசை நிறைந்துவிட்டால் புத்தகத்தைத் தரையில் வைப்போமல்லவா? அதுபோல ராம் நிறைந்ததும் கணிப்பொறி ஹார்ட் டிஸ்க்கையே மேசையாகப் பயன்படுத்தத் தொடங்கும். அது மிகமிக மெதுவான மேசை. நம் பாட்டிக்கு 2 ஜிகாபைட்தான் இருந்தது. மவுண்ட் ரோடை அடுத்த ரிச்சி தெருவில் பழைய ராம் கிடைத்தது. அதைச் சேர்த்து 4 ஆக்கினோம்.

5. இவ்வளவும் பார்த்த பிறகே 'செக் டிஸ்க்' ஓட்டிக் கோப்பு முறையைச் சரிபார்த்து, பின்னர் டிஃப்ராக் செய்யுங்கள். எஸ்.எஸ்.டி. உள்ள கணிப்பொறியில் டிஃப்ராக் வேண்டாம். அது பயன் தராது, எஸ்.எஸ்.டி.யின் ஆயுளைத்தான் குறைக்கும்.

6. மின்சாரம் திடீரென்று போவது டிஸ்க்குக்குப் பகை. யு.பி.எஸ். வைத்து முறையாக அணைக்கப் பழகுங்கள்.

புதிய இதயம்

பாட்டியின் டிஸ்க்கை இனி நம்ப முடியாது. அதன் இடத்தில் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினோம். இதில் தட்டும் இல்லை, தலையும் இல்லை, சுழற்சியும் இல்லை. தகவல் முழுவதும் சில்லுகளில் மின்னேற்றமாகவே இருக்கிறது. 13 மில்லிநொடி பிடித்த தேடல் இதில் ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிகிறது. புதுக் கணிப்பொறியின் விலையில் இது ஒரு சிறு பங்கே.

பாட்டியிடம் இருந்த விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதை இணையத்தில் இணைப்பது பூட்டில்லாத வீட்டில் உறங்குவது போன்றது. ஆகவே 'பாஸ்' லினக்ஸைப் பதித்தோம். இது 2007-இல் முதன்முதலில் வெளிவந்தது. நம் சென்னையிலுள்ள மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது என்பது நமக்குப் பெருமை. இலவசம், தமிழிலும் எழுதலாம்.

இப்போது பொத்தானை அமுக்கினால் நாற்பது நொடியில் பாட்டி எழுந்துவிடுகிறாள். எஸ்.எஸ்.டி.யும் ஒருநாள் கெடக்கூடியதே. கெடும்போது பல சமயம் 'டிக், டிக்' என்ற முன்னறிவிப்புகூடத் தராது. ஆகவே முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறு கட்டடத்தில் என்பதை நம் பள்ளியில் விதியாக்கியிருக்கிறோம். கான்வென்ட் அலமாரியில் இருக்கும் பிரதி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடிய டப்பாவில் உறங்குகிறது. பாட்டியையும் ஜன்னலோரத்திலிருந்து உட்சுவர்ப் பக்கம் மாற்றிவிட்டோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பொருளையும் மனிதரையும் எளிதில் தூக்கியெறியும் பழக்கத்தைக் கண்டித்தார். கணிப்பொறிக்குள் ஈயம் போன்ற நச்சுப் பொருள்களும் உண்டு. செப்பனிட முடிந்ததைச் செப்பனிடுவதும், முடியாததைக் குப்பையில் போடாமல் பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு அனுப்புவதும் படைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.

2025 செப்டம்பர் 7-ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அக்குதிஸ், கணிப்பொறியில் வல்லவர். நற்கருணைப் புதுமைகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டி இணையத்தில் உலகுக்கு அளித்தவர். 2006-இல் இறைவனடி சேர்ந்தபோது அவர் வயது பதினைந்து, எங்கள் வயதுதான்! கருவி எதுவாயினும் அதை யாருக்காகப் பயன்படுத்துகிறோம் என்பதே முக்கியம் என்பதை அவரிடமிருந்து கற்கிறோம்.

மூன்றாம் அத்தியாயம் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? தயங்கித் தயங்கிச் சிஸ்டரிடம் சென்று உண்மையைச் சொன்னோம். சிறிது நேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு, "டிஸ்க்தானே மறந்தது, நான் மறக்கவில்லையே. நாளை மாலை நோட்டுப் புத்தகத்தோடு வாருங்கள், பிள்ளைகளே" என்றார்கள். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் சிஸ்டர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுகிறோம். பிறகு பாட்டியில் தட்டச்சு செய்கிறோம். முதலில் எழுதாத சில செய்திகளும் இப்போது அவர்கள் நினைவுக்கு வருகின்றன. இதுவரை பதினொரு பக்கம் ஆகியிருக்கிறது.

தோழியரே! உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் தாத்தா பாட்டியின் படங்கள் இருக்கின்றனவா? இன்று மாலையே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். அந்தத் தாத்தா பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்வதையும் கொஞ்சம் எழுதி வையுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்,
ஒரு மாணவி